இயற்றியவர் தெரியவில்லை

என்னுடைய எட்டாம் நோட்டுப் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

“சனிக்கிழமை. கிள்ளான், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள மண்டபம், மேல்மாடி. கல்யாண விருந்து. ஞானம் மாஸ்டர் குழு. பாட்டு எண் 14: ‘அடுப்புல வச்ச வெறகு’. பாடியவர் ரீத்தா. தோட்டத்துப் பழைய பாட்டு. இயற்றியவர் தெரியவில்லை. இந்தப் பாட்டின்போது ஒன்பதாம் மேசைக்கு ஐஸ்கிரீம் வந்தது.”

பக்கத்தின் தலையில் நாளும் மாதமும் இருக்கின்றன. ஆண்டு இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. முன்பின் பக்கங்களை வைத்துப் பார்த்தால் எண்பதுகளின் பின்பாதி. அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை நான் கேட்ட மேடைகளைப் பற்றி எழுதி வந்தேன். தேதி தவறு, மண்டபத்தின் பெயர் தவறு என்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள், திருத்திக்கொண்டேன். இந்த வாரம் நான் எழுத வேண்டியது எந்த வாசகரும் சுட்டிக்காட்டாத ஒரு தவறு. ‘இயற்றியவர் தெரியவில்லை’ என்று எழுதிய கை என்னுடையது.

சோற்று நேரத்துப் பாட்டு

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் குமாஸ்தா. தனி ஆள். சனி, ஞாயிறுகளில் எங்கே மெல்லிசைக் குழு வாசித்தாலும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, பாடிய பாட்டுகளை வரிசையாக எழுதிக்கொள்வேன். எதற்கு என்று கேட்டால் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. வாத்தியக்காரர்கள் எனக்கு சிஐடி என்று பெயர் வைத்திருந்தார்கள். “சிஐடி வந்தாச்சு, சுருதி சேத்து வாசிங்கடா” என்று ட்ரம்ஸ்காரர் மைக்கில் சொல்லியே காட்டுவார்.

விருந்து மேடைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பிள்ளையார் பாட்டு அல்லது மாதா பாட்டு. பிறகு மணமக்கள் உள்ளே வரும்போது ஒன்று, கேக் வெட்டும்போது ஒன்று. அதற்கப்புறம் மேசைகளிலிருந்து துண்டுச் சீட்டில் வரும் விருப்பப் பாடல்கள். எல்லாம் சினிமாப் பாட்டு. சினிமாப் பாட்டல்லாத எதற்கும் அங்கே இடமில்லை.

ரீத்தாவுக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டியிருக்கும். பகலில் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். தேவாலயத்தில் கித்தார் கற்றவர். ஞானம் மாஸ்டர் குழுவில் பெண் குரல் அவருடையதுதான். அவரே பாட்டுக் கட்டுவார், மெட்டும் போடுவார், பாடவும் செய்வார் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். வெளியில் யாருக்கும் தெரியாது.

ஒருமுறை ஒத்திகையில் சொந்தப் பாட்டு ஒன்றைப் பாடட்டுமா என்று அவர் கேட்டாராம். ஆர்கனிலிருந்து கையை எடுக்காமலே மாஸ்டர் சொன்ன பதிலை அந்தக் குழுவில் இருந்த நான்கு பேர், நான்கு தனித்தனி நாள்களில், வார்த்தை பிசகாமல் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்: “ஜனங்க பிரியாணி சாப்பிட வந்திருக்காங்க ரீத்தா. ஒன் கவலய கேக்க வரல.”

மாஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. விருந்து வீட்டார் அப்படித்தான் இருந்தார்கள். தெரியாத பாட்டு ஒன்று தொடங்கினால் இரண்டாவது வரிக்குள் சீட்டு பறந்து வரும்.

‘சொந்தப் பாட்டு’ என்றால்

பிறர் எழுதியதைப் பாடுகிறவர் நம்மிடம் பாடகர். பாட்டு எழுதுகிறவர் கவிஞர். மெட்டுப் போடுகிறவர் மாஸ்டர். மூன்றையும் ஓர் ஆள் செய்தால் அவருக்கு நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பெயரும் கிடையாது. “அவரு சொந்தப் பாட்டு பாடுவாரு” என்பார்கள். வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று சொல்லும் அதே குரலில்.

எனக்குத் தெரிந்து அப்படி ஏழு பேர் இருந்தார்கள். ரவாங்கில் ஒரு லோரி ஓட்டுநர். தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் காரின் பின்பெட்டியைத் திறந்துவைத்துத் தன் கேசட்டுகளை விற்பார். முதல் பக்கம் முழுக்க முருகன் பாட்டு. திருப்பிப் போட்டால், அவரை விட்டுப் போன ஒரு பெண்ணைப் பற்றி அவரே எழுதிய ஆறு பாட்டுகள். காவடி இறக்கிவிட்டு வந்து வாங்கிக் கேட்டவர்கள் மறுநாளே சண்டைக்கு வந்தார்கள். “சாமி பக்கத்த மட்டும் கேளுங்க அண்ணே, அந்தப் பக்கம் எனக்கு” என்று அவர் கும்பிட்டதை நான் பார்த்தேன்.

அவர் இப்போது இல்லை. கேசட் என்னிடமும் இல்லை. ஏழு பேரில் ஆறு பேரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அனேகமாக இவ்வளவுதான்.

ரீத்தா வேலை செய்த விதம் வேறு. பாட்டை அவர் எழுதியே வைக்கமாட்டார். காலையில் பேருந்தில் போகும்போது பக்கத்துச் சீட்டுப் பெண்ணின் காதில் விழும்படி புது மெட்டை முணுமுணுப்பார். அந்தப் பெண் திரும்பி “இது எந்தப் படம்?” என்று கேட்டால் மெட்டு தேறிவிட்டது. கேட்காவிட்டால் அன்று மாலைக்குள் அதை மறந்துவிடுவார். அவருடைய பரீட்சை அதுதான்.

தேறிய பாட்டுகளை மேடை ஏற்ற ஒரே ஒரு வழி இருந்தது. ஐஸ்கிரீம் நேரத்தில் மாஸ்டர் வெளியே புகைக்கப் போவார். ரீத்தா கித்தாரை எடுத்துக்கொண்டு மைக்கில் சொல்வார்: “அடுத்து, நம்ம தோட்டத்துல பெரியவங்க பாடுன பழைய பாட்டு ஒண்ணு.”

அவ்வளவுதான். மண்டபம் அடங்கிவிடும். பெரியவர்கள் கரண்டியைக் கீழே வைப்பார்கள். அன்று சனிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது.

அடுப்புல வச்ச வெறகு அணையுமுன்னே வரேன்னியே
சாம்பலள்ளி நாளாச்சு, சத்தங் காணலியே

பாட்டு முடிந்ததும் பந்திங்கிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது தன் தாயார் இதைப் பாடியதாக என்னிடம் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன். அந்தப் பாட்டுக்கு அப்போது வயது மூன்று வாரம் என்பது எனக்குத் தெரியாது.

முப்பத்தொன்றாம் எண்

சில ஆண்டுகள் கழித்து ஒரு நூலகத்தின் ஆண்டு மலருக்காக, மலேசியத் தோட்டப் பாடல்களின் பட்டியல் ஒன்றை, வரிகளோடும் மெட்டின் சுரக் குறிப்போடும், தொகுத்துக் கொடுத்தேன். முப்பத்தொன்றாம் எண், ‘அடுப்புல வச்ச வெறகு’. பழைய பாட்டு. இயற்றியவர் தெரியவில்லை. ஆதாரம்: நேரில் கேட்டது.

அந்தப் பட்டியலைப் பார்த்து ஒரு மாணவர் ஆய்வேடு எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். என் வரி மூன்று அடிக்குறிப்புகளில் ஏறியதில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சாலாக் செலாத்தானைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் அந்தப் பாட்டை எடுத்து, உறுமியும் கித்தாரும் சேர்த்து, வேகம் கூட்டி வெளியிட்டார்கள். நன்றாகவே பாடியிருந்தார்கள். அது கைப்பேசி கைப்பேசியாகப் போய், சென்னைக்கும் லண்டனுக்கும் போய்த் திரும்பி வந்தது. மணமக்கள் அதற்கு ஆடிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார்கள். கீழே ஒரு வரி: மரபுப் பாடல்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எனக்குத் தொலைபேசி வந்தது. “சிஐடி தம்பியா? ரீத்தாக்கா பேசறேன். நீ பண்ணி வச்ச வேலைய நேர்ல வந்து பாரு.”

மறுநாள் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளான் போனேன். பண்டமாரானில் அவருடைய வீடு. கணவர் காலமாகி, பிள்ளைகள் இல்லாமல் தனியாக இருந்தார். எழுபதை நெருங்கும் வயது. குரல் கரகரத்திருந்தது. சளி என்றார்.

பாலில்லாத தே ஓ போட்டு வைத்துவிட்டு, பாட்டு தன்னுடையது என்று சொன்னார். மாஸ்டர் பற்றி, பேருந்துப் பரீட்சை பற்றி, ஐஸ்கிரீம் நேரம் பற்றி எல்லாம் அன்றுதான் அவர் வாயால் கேட்டேன். ஆனால் அதில் வரும் விறகும் சாம்பலும் அத்தனை பழையவையாக இருக்கின்றனவே என்றேன்.

“எங்க வீட்ல கேஸ் அடுப்புலா தம்பி. நான் தோட்டத்தயே பாத்ததில்ல. வெறகுன்னு வச்சாத்தான் நம்புவாங்கன்னு வச்சேன். நீயே நம்பிட்டியே.”

யாரைப் பற்றிய பாட்டு என்று கேட்டேன். சுவரில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய அண்ணன் அந்தோணிசாமி. போர்ட் கிள்ளானில் சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறினார். சோறு வடிக்கிற நேரம், இதோ வந்துவிடுகிறேன் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனாராம். இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அப்பா கப்பல் ஏஜண்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஒரு நாள் அந்த அலுவலகமே அங்கே இல்லை.

“காசு பணம் ஒண்ணும் எனக்கு வேணாம் தம்பி. இப்ப எல்லா ஊர்லயும் இந்தப் பாட்டு ஓடுது. அண்ணன் எங்க இருந்தாலும் கையில ஒரு போன் இருக்கும்ல? பாட்டு அவர்கிட்ட போயிரும். எம்பேரு மட்டும் போவ மாட்டேங்குது. கிள்ளான் ரீத்தான்னு ஒரு வரி போட்டா, பாத்த ஒடனே அவருக்குப் புரியும்.”

நான் கணக்குப் போட்டேன். அண்ணன் இருந்தால் எழுபத்தைந்து இருக்கும். உயிரோடு இருக்க முடியாத வயது அல்ல.

பங்சார், ஐந்தாம் மாடி

சாலாக் செலாத்தான் இளைஞர்களிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். உங்கள் பட்டியலைப் பார்த்துத்தானே எடுத்தோம் அங்கிள், என்றார்கள். பெயர் போட அவர்களுக்குத் தடையில்லை. ஆனால் பாட்டை வெளியிட்ட நிறுவனத்துக்கு, பாடல் உரிமைகளைப் பதிகிற அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வேண்டும்.

அந்த அலுவலகம் பங்சாரில் இருந்தது. ரீத்தாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரி இளம் பெண், தமிழர், பொறுமையானவர். அவர் மேசையில் என் நூலக மலரின் நகல் இருந்தது. முப்பத்தொன்றாம் எண்ணுக்கு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அப்பாட்டு மரபுப் பாடல் என்பதற்கு அவர்களிடம் இருந்த ஆதாரம் நான்தான்.

அந்தப் பதிவு தவறு என்று ஒன்றரைப் பக்கம் டைப் செய்து கையெழுத்திட்டுக் கொண்டுபோயிருந்தேன். படித்துவிட்டு அவர், அக்காலத்துக் காகிதம் எதுவும் உண்டா, கேசட் உண்டா, பாட்டை எழுதிய தாள் உண்டா என்று கேட்டார். ரீத்தா எழுதிவைக்கும் பழக்கமே இல்லை என்றார். மாஸ்டர் இறந்துவிட்டார். ட்ரம்ஸ்காரருக்கு நினைவு தப்பிவிட்டது. குழுவில் மிஞ்சிய இருவரும் ‘கட்டினாளாம்’ என்பார்களே தவிரக் கட்டியதைப் பார்த்தவர்கள் இல்லை.

“அங்கிள், நீங்க அப்ப எழுதினது எவிடன்ஸ். இப்ப சொல்றது ஞாபகம்லா. ஞாபகத்த நான் எப்படி ஃபைல்ல போடறது?”

நாற்பது ஆண்டுகளாக நான் பிறருக்குச் சொல்லிவந்த வாதம் அது. இந்தத் தொடரிலேயே இரண்டு வாசகர்களுக்கு அப்படிப் பதில் எழுதியிருக்கிறேன்.

பிறகு அவர், எங்களுக்கு உதவத்தான், ஒரு கேள்வி கேட்டார். ரீத்தா அந்தப் பாட்டைக் கட்டியபோது நான் நேரில் இருந்தேனா, ஒரு வரியாவது அவர் மாற்றி அமைப்பதைக் கேட்டேனா? அப்படியானால் சத்தியப் பிரமாணமாக எழுதித் தரலாம், பரிசீலிக்க வழியுண்டு.

ரீத்தா என் பக்கம் திரும்பினார்.

இல்லை என்றேன்.

லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம். மூன்றாம் மாடி தாண்டும்போது அவர் சொன்னார்:

“ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்.”

“நான் பாக்கலக்கா.”

“தெரியும். நீ பாக்கலதான்.” அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

தேடியது

ரீத்தாவுக்கு இருந்தது சளி இல்லை. குரல்வளையில் கட்டி. எடுத்துவிட வேண்டும், அதோடு பேச்சும் போய்விடும் என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய வாரம் அந்தப் பாட்டை அவர் குரலில் பதிவு செய்தால் என்ன என்று கேட்டேன். ஒலிப்பதிவுக் கருவியோடு போனேன். முதல் அடியில் வரேன்னியே என்ற இடம் மேலே போகும். அங்கே குரல் எழவில்லை. மூன்று முறை முயன்றார். பிறகு, கேட்கிறவர்கள் இது அந்தப் பிள்ளைகளின் பாட்டைக் கெடுத்துப் பாடுகிறது என்பார்கள், வேண்டாம் என்று கருவியை அவரே அணைத்தார். பதிவில் இருப்பது இருமல்தான். அழிக்கவில்லை.

பாட்டுக்கு அவர் பெயரை மீட்டுத்தர என்னால் முடியாது என்று ஆகிவிட்டது. பெயர் யாரைப் போய்ச் சேர வேண்டுமோ அவரையாவது தேடலாம் என்று நினைத்தேன். தேடுவதுதான் எனக்குத் தெரிந்த வேலை. கப்பலின் பெயர் அண்ணனின் இரண்டாம் கடிதத்தில் இருந்தது. அது போய்வந்த துறைமுகங்களைக் குறித்துக்கொண்டு மாலுமிகள் இல்லங்களுக்கும், தேவாலயங்களுக்கும், பழைய பதிவேடுகளைப் படியெடுக்கும் ஆர்வலர்களுக்கும் எழுதினேன். இருபத்தாறு கடிதம். பதில் நான்கு. மூன்றில் ஒன்றும் இல்லை.

நான்காவது, தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஓர் ஆர்வலர் அனுப்பிய மின்னஞ்சல். மாலுமிகள் அடக்கப்பட்ட ஒரு கல்லறைத் தோட்டத்தின் பதிவேட்டில் ஒரு வரியை அப்படியே படியெடுத்து அனுப்பியிருந்தார். அதைத் தாளில் எடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிள்ளான் போனேன்.

ரீத்தா சாய்வு நாற்காலியில் இருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி. கைப்பேசியில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டித்தான் பேசினார். டாக்டரைத் திட்டினார். பக்கத்து வீட்டுப் பையன் கல்யாணத்தில் தன் பாட்டுக்கே தன்னை ஆடச் சொன்னார்கள் என்று தட்டி, தோளைக் குலுக்கிச் சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு தட்டினார்: ‘அண்ணனப் பத்தி எதுவும் கெடச்சிச்சா?’

“இன்னும் இல்லக்கா.”

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். ‘தேடு’ என்று தட்டினார். தாளை நான் எடுக்கவில்லை.

அதன்பின் இரண்டு மாதம் இருந்தார்.

அடக்கத்துக்கு முன் வீட்டில் தேவாலயப் பாடகர் குழுவினர் கூடினார்கள். இரண்டு ஞானப்பாட்டு முடிந்ததும், அந்தக் குழுவை நடத்தும் பெண் எழுந்து நின்றார். ரீத்தாவோடு அவருக்கு நான்கைந்து ஆண்டுப் பழக்கம்தான். “ரீத்தா ஆன்டிக்கு ரொம்பப் புடிச்ச பழைய தோட்டத்துப் பாட்டு ஒண்ணு இருக்கு” என்றார். எல்லாருக்கும் பாட்டு தெரிந்திருந்தது. மெதுவாக, அழகாகப் பாடினார்கள். சிலர் அழுதார்கள். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்ல இடம் இருந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை என்ற எண்ணம் அப்போதுகூட எனக்கு வந்தது. அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

இதையெல்லாம் இந்த வாரம் எழுத முடிகிறது என்றால், படிப்பதற்கு அவர் இல்லை என்பதால்தான்.

டர்பன் பதிவேட்டில் உள்ளது இவ்வளவு: அந்தோணி சாமி, மாலுமி, மலேசியா, வயது இருபத்தேழு, காய்ச்சல். தந்தை பெயர் எழுதும் கட்டம் காலி. கப்பலின் பெயர் இல்லை. அடக்கம் நடந்த ஆண்டு, ரீத்தாவின் அண்ணன் கப்பலேறிய மூன்றாம் ஆண்டு. ரீத்தா அந்தப் பாட்டைக் கட்டுவதற்கு வெகு முன்பு. அண்ணனுக்கு அப்போது இருபத்தாறோ இருபத்தேழோ இருந்திருக்கும். ஞானஸ்நானப் பதிவை இன்னும் நான் பார்க்கவில்லை. அந்தப் பெயருள்ளவர்கள் இந்தத் துறைமுகத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்பதும் தெரியாது. டர்பனில் கிடப்பவர் அவர்தானா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.